காற்று வழியே வந்த களவு

கதவு சாத்தியிருக்கின்றது. அறையினுள்ளே ஒரு கைத்தொலைபேசி இருக்கின்றது. அதன் திரையில் யூடியூப் படக்காட்சி ஓடிக்கொண்டிருக்கின்றது. அதனை ஒருவரும் பறிக்கவில்லை. ஐயத்துக்குரிய கடிதம் எதுவும் அதற்கு வரவில்லை. உரியவர் எந்த இணைப்பையும் திறக்கவில்லை. அடுத்த அறையில் ஒருவர் தமது கணினியின் முன் அமர்ந்திருக்கின்றார். ஏறக்குறைய இரண்டு நிமிடங்கள் கழிகின்றன. சற்று முன்னர் அக் கைத்தொலைபேசியால் எடுக்கப்பட்ட புகைப்படம் அடுத்த அறையிலுள்ள கணினியின் திரையில் வந்து நிற்கின்றது!

இது மந்திரமுமன்று, மாயக்காரனின் கண்கட்டு வித்தையுமன்று. கூகிள் நிறுவனத்தின் ‘புரொஜெக்ட் சீரோ’ என்னும் பாதுகாப்பு ஆய்வுக் குழுவைச் சேர்ந்த இயன் பியர் என்பவர், 2020 ஆம் ஆண்டு டிசெம்பர் 1 ஆம் திகதி உலகுக்கு வெளியிட்ட உண்மைச் செய்தி. பரிசோதனைக்கு இரையான கருவி, அந்நாளில் மிகப் பாதுகாப்பானவற்றுள் ஒன்றெனப் போற்றப்பட்ட ஐபோன் 11 புரோ. புகைப்படம் மட்டுமன்றி, மின்னஞ்சல், குறுஞ்செய்தி, கடவுச்சொற்கள் ஆகிய யாவும் அவருக்கு எட்டும் நிலையில் இருந்தன.

இத்துணை வலிய கோட்டையை வீழ்த்தியது எது? பெரிய பீரங்கி அன்று. ஒரு சிறு கவனக் குறைவு. வந்த பொருளை அளந்து பாராமல் கொட்டிய குற்றம் ஒன்றே. அக் குற்றத்தின் கதையை மாணவரும் பெற்றோரும் அறிந்திருத்தல் நன்று.

எந்நேரமும் திறந்திருக்கும் காது

கைத்தொலைபேசியை நாம் மேசைமீது வைத்துவிட்டால் அது உறங்குகின்றது என எண்ணுகின்றோம். உண்மையில் அது உறங்குவதில்லை. தன்னைச் சூழ்ந்த காற்றில் வரும் வானொலி அலைகளைக் கேட்டவண்ணமே இருக்கின்றது. “நான் இன்ன வைபை நிலையம்” என ஒன்று கூவுகின்றது. “நான் இன்ன காதொலிக் கருவி” என மற்றொன்று கூறுகின்றது. இவற்றையெல்லாம் கேட்டு, பொருளறிந்த பின்னரே, எதனோடு பேசலாம், எதனோடு பேசலாகாது என்பதைத் தொலைபேசி தீர்மானிக்கின்றது.

இங்கேதான் ஒரு நுட்பமான அபாயம் ஒளிந்திருக்கின்றது. வந்தவர் நண்பரா பகைவரா என்பதை அறிவதற்கு முன்னரே அவர் கூறுவதைக் கேட்டாகவேண்டும். கடவுச்சொல்லைக் கேட்பது அதற்குப் பின்னர்தான். ஆகவே, அந்த முதற் சொற்களைக் கேட்கும் பகுதியில் பிழை இருக்குமாயின், எத்தகைய பூட்டும் பயன் தராது. பூட்டை நெருங்கும் முன்னரே காரியம் முடிந்துவிடும்.

அப்பிள் நிறுவனம் 2014 ஆம் ஆண்டில் ஏ.டபிள்யூ.டி.எல். என்னும் ஓர் ஏற்பாட்டைத் தனது கருவிகளில் புகுத்தியது. இடையில் வைபை நிலையம் எதுவும் இல்லாமலே ஒரு தொலைபேசி மற்றொரு தொலைபேசியுடன் நேரே பேசுவதற்கு அது வழிசெய்தது. ஒரு புகைப்படத்தை அருகிலிருப்பவருக்கு நொடிப்பொழுதில் அனுப்ப உதவும் ‘எயார் டிராப்’ வசதி இதன்மேல் அமைந்ததே. பயன்படுத்துவோருக்கு இப்படியொன்று உள்ளே இயங்குகின்றது என்பதே தெரியாது.

இலிகிதரும் பதிவேடும்

கணினியின் நினைவகத்தை ஒரு பெரிய பதிவேடாகக் கருதுவோம். அதன் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் எண் உண்டு. ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு பைட்டு மட்டுமே எழுதலாம். அப் பதிவேட்டின் முன் ஓர் இலிகிதர் அமர்ந்திருக்கின்றார். அவர் சொன்னதைச் செய்வாரேயன்றிச் சுயமாக யோசிப்பவரல்லர். அவரே நமது செய்நிரல்.

ஒரு நாள் அவருக்கு இவ்வாறு ஒரு கட்டளை இடப்படுகின்றது: “அயலில் உள்ள கருவிகளின் விலாசங்கள் தந்தியாக வரும். அவற்றை இந்தப் பத்தியில் எழுதுக. பத்து விலாசங்களுக்கு இடம் விடப்பட்டிருக்கின்றது.” ஒரு வைபை விலாசத்துக்கு 6 பைட்டுகள் தேவை. ஆகவே ஒதுக்கப்பட்ட கட்டங்கள் 60.

தந்தி வருகின்றது. அதில் பத்து விலாசங்கள் அல்ல, அதனினும் மிகப் பல இருக்கின்றன. தந்தியின் தலைப்பிலே அதன் நீளத்தையும் அனுப்பியவரே குறித்திருக்கின்றார். புத்தியுள்ள ஓர் இலிகிதர், “ஐயா, எனக்கு விடப்பட்ட இடம் அறுபது கட்டங்களே” எனக் கூறி அதனைத் திருப்பி அனுப்பியிருப்பார். நமது இலிகிதரோ, அனுப்பியவர் சொன்ன அளவையே மெய்யென நம்பி, அறுபதாவது கட்டத்தையும் தாண்டி அடுத்த பத்தியின்மேலும், அதற்கடுத்த பத்தியின்மேலும் எழுதிக்கொண்டே போகின்றார். முன்னர் அங்கு எழுதப்பட்டிருந்தவை யாவும் அழிந்து, அந்நியன் அனுப்பிய எழுத்துகள் அவ்விடங்களில் நிலைபெறுகின்றன.

அடுத்த பத்தியில் என்ன இருந்தது? “இவருடைய பொருள்கள் இத்தனையாம் எண் அறையில் உள்ளன, சென்று எடுத்து வருக” என்பன போன்ற குறிப்புகள். அறை எண்ணை அந்நியனே மாற்றி எழுதிவிட்டால், இலிகிதர் அவன் விரும்பிய அறைக்குச் செல்வார். அவன் விரும்பியதை எடுப்பார். அவன் விரும்பியதை வைப்பார். தாம் ஏமாற்றப்பட்டோம் என்பது கடைசிவரை அவருக்குத் தெரியாது. நினைவகத்தின் எல்லை மீறல் எனப்படும் குற்றம் இதுவே. 2020 ஜனவரியில் அப்பிள் நிறுவனம் திருத்திய பிழையும் இவ் வகையினதே.

கருவறையில் நேர்ந்த தவறு

ஒவ்வொரு செயலியும் தனித்தனி அறையில் வாழ்கின்றது. விளையாட்டுச் செயலி வங்கிச் செயலியின் அறைக்குள் எட்டிப் பார்த்தலாகாது. ஆனால் இவ்வறைகள் அனைத்தின் திறவுகோல்களையும் வைத்திருக்கும் ஓர் இடம் உண்டு. அதுவே இயங்குதளத்தின் கரு, ‘கெர்னல்’ என்பர். கோவிலுக்குக் கருவறை எவ்வாறோ, அவ்வாறே இயங்குதளத்துக்கு அது. ஏ.டபிள்யூ.டி.எல். செய்திகளைப் பிரித்துப் படிக்கும் செய்நிரல் இந்தக் கருவிலேயே வைக்கப்பட்டிருந்தது. வெளி வீதியில் போவோர் வருவோர் எவரும் பேசக்கூடிய சாளரத்தைக் கருவறைச் சுவரிலேயே அமைத்ததற்கு ஒப்பானது இது.

அப்பிள் நிறுவனத்தார் காவலின்றி இருந்தனர் என எண்ணுதல் தவறு. தொலைபேசி புதிதாகத் தொடங்கும்போதெல்லாம் முக்கியமான பகுதிகளின் இடம் மாற்றப்படும். 2018 முதல் வந்த அவர்களுடைய கருவிகளில், சில முக்கியக் குறிப்புகளுக்கு முத்திரையும் இடப்படும். முத்திரை பிழைத்தால் கருவி அக் குறிப்பை ஏற்காது. பியர் என்ன செய்தார்? முத்திரை இடப்பட்ட கட்டங்களை முதலில் தொடாமல், முத்திரை இடப்படாத வேறு கட்டங்களை மாற்றியே சிறிது சிறிதாக உள்நுழைந்தார். வாயிலில் பல காவலர் நின்றனர். அவரோ மதிலில் இருந்த ஒரு சிறு துவாரத்தால் நுழைந்தார்.

ஆறு மாத உழைப்பு

இப் பிழை கண்டுபிடிக்கப்பட்ட வரலாறு சுவையானது. 2018 ஆம் ஆண்டில் அப்பிள் நிறுவனம் வெளியிட்ட ஒரு சோதனைப் பதிப்பில், கருவிலுள்ள செய்நிரற் பகுதிகளின் பெயர்கள் தவறுதலாக நீக்கப்படாமல் விடப்பட்டிருந்தன. சாதாரணமாக வெறும் எண்களாகத் தோன்றும் காட்டிலே திடீரெனப் பெயர்ப் பலகைகள் நாட்டப்பட்டதுபோல் ஆயிற்று. நினைவகத்தில் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குப் பொருளை நகர்த்தும் கட்டளைகளை மட்டும் பியர் தேடிச் சென்றார். அளவு பிழைப்பது பெரும்பாலும் அங்கேதான் என்பதை அவர் அனுபவத்தால் அறிந்தவர். அப்போதுதான் இந்த இலிகிதர் அவருடைய கண்ணில் அகப்பட்டார்.

ஆனால் பிழையைக் காண்பது வேறு. அதனால் ஒரு தொலைபேசியைக் கைப்பற்ற முடியும் என நிறுவுவது வேறு. அதற்காக 2020 ஆம் ஆண்டில் அவர் ஆறு மாதங்கள் உழைத்தார். அஃது ஊரடங்கின் காலம். படுக்கையறையின் ஒரு மூலையில், ஓயாது கூச்சலிடும் தமது குழந்தைகளின் நடுவே இவ்வேலையைச் செய்து முடித்ததாக அவரே எழுதியிருக்கின்றார். பெரிய ஆய்வுகூடம் எதுவும் அவருக்கு இருக்கவில்லை. கடைகளில் எவரும் வாங்கக்கூடிய ‘ரஸ்பெரி பை’ என்னும் சிறு கணினியும் வைபை இணைப்பிகளுமே அவருடைய ஆயுதங்கள்.

அவருக்கு முன்னே வழி வெட்டியவர்களையும் மறத்தலாகாது. ஏ.டபிள்யூ.டி.எல். மொழியின் இலக்கணத்தை அப்பிள் நிறுவனம் வெளியிட்டதில்லை. ஜேர்மனியிலுள்ள டார்ம்ஸ்டாட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள், அலைகளைப் பதிவு செய்தும் செய்நிரலைப் பிரித்தும் அவ்விலக்கணத்தைத் தாமே வகுத்து, 2018 ஆம் ஆண்டில் வெளியிட்டிருந்தனர். அந்த ஏணியில் ஏறியே பியர் மேலே சென்றார்.

உறங்கிய காதை எழுப்பிய விதம்

இன்னுமொரு தடை இருந்தது. ஏ.டபிள்யூ.டி.எல். எந்நேரமும் விழித்திருப்பதில்லை. அருகிலுள்ள நண்பர் ஒருவர் எயார் டிராப் வழியே எதையேனும் அனுப்ப முற்படும்போதுதான் அது விழிக்கின்றது. வருபவர் நண்பர்தாம் என்பதைத் தொலைபேசி எவ்வாறு அறியும்? அனுப்புபவரின் தொலைபேசி எண்ணையோ மின்னஞ்சலையோ ஒரு கணித முறையால் சுருக்கி, அச் சுருக்கத்தின் முதல் 2 பைட்டுகளை மட்டும் புளூடூத் வழியாக அனுப்புவர். அவை தனது தொடர்புப் பட்டியலில் உள்ள ஏதேனும் ஒருவருடன் பொருந்தினால், தொலைபேசி தன் காதைத் திறக்கும்.

மாணவர்கள் இங்கே சிறிது கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு பைட்டுக்கு 256 வேறுபட்ட மதிப்புகள் உண்டு. இரண்டு பைட்டுகளுக்கு 256ஐ 256ஆல் பெருக்கினால் வருவது 65,536. தொலைபேசியில் நூறு தொடர்பு விவரங்கள் உள்ளன என வைத்துக்கொள்வோம். அப்படியாயின், கண்ணை மூடிக்கொண்டு ஊகிப்பவனுக்கும் ஏறக்குறைய 650 ஊகங்களுக்கு ஒருமுறை வெற்றி கிட்டும். மனிதனுக்கு 650 என்பது பெரிய எண். இயந்திரத்துக்கோ அது விளையாட்டு. பியர் அவ்வாறே ஊகங்களை வரிசையாக அனுப்பினார். உறங்கிய காது விழித்தது. நண்பர் பெருகப் பெருகப் பொய் நண்பனுக்கும் இடம் பெருகியது என்பது இதிலுள்ள விந்தை.

அது மட்டுமன்று. இவ்வாறு கைப்பற்றிய தொலைபேசியைக் கொண்டே அயலிலுள்ள மற்றொரு தொலைபேசியையும் கைப்பற்றும் வகையில் இத் தாக்குதலை அமைத்தல் கூடும் என அவர் எடுத்துக் காட்டினார். தொற்றுநோய் ஒன்று உலகை அலைக்கழித்த அதே ஆண்டில், தொலைபேசிக்கும் தொற்றுநோய் வரலாம் என்பது தெரியவந்தது.

நல்லவேளையாக, இவர் களவு செய்ய வந்தவரல்லர், காவலுக்கு வந்தவர். தாம் கண்டதை முதலில் அப்பிள் நிறுவனத்துக்கே அறிவித்தார். 2020 ஜனவரியில் வெளிவந்த ஐ.ஓ.எஸ். 13.3.1 என்னும் பதிப்பில் அது திருத்தப்பட்டது. திருத்தம் வந்து பல மாதங்கள் சென்ற பின்னரே முழு விவரங்களும் வெளியிடப்பட்டன. இதனைத் தீயோர் எவரும் பயன்படுத்தியமைக்குத் தாம் சான்று எதுவும் காணவில்லை என்றும் அவர் கூறியிருக்கின்றார்.

முன்னரும் உண்டு, பின்னரும் உண்டு

இக் குற்றத்தை அப்பிள் நிறுவனத்தின் தலையில் மட்டும் சுமத்துதல் நீதியாகாது. இதன் வரலாறு நீண்டது.

1988 நவெம்பர் 2 ஆம் திகதி, அமெரிக்காவில் கோர்னெல் பல்கலைக்கழக மாணவர் ரொபர்ட் மொரிஸ் ஏவிவிட்ட ‘புழு’ என்னும் செய்நிரல், அக்காலத்து இணையத்திலிருந்த ஆயிரக்கணக்கான கணினிகளை முடக்கியது. அது நுழைந்த வழிகளுள் ஒன்று எது தெரியுமா? 512 பைட்டுகளுக்கு மட்டுமே இடம் ஒதுக்கிய ஒரு செய்நிரலுக்கு அது 536 பைட்டுகளை அனுப்பியது. அளந்து பார்க்க அங்கும் ஆளில்லை!

2017 ஆம் ஆண்டில், புரொட்கொம் நிறுவனத்தின் வைபைச் சில்லுகளில் இதே வகைப் பிழை வெளிப்பட்டது. அச் சில்லுகள் அப்பிள் தொலைபேசிகளிலும் அன்ட்ரொயிட் தொலைபேசிகளிலும் ஒருங்கே இருந்தமையால் இரு சாராரும் அவசரமாகத் திருத்தம் வெளியிட வேண்டியதாயிற்று.

2022 ஒக்டோபரில் லினக்ஸ் இயங்குதளத்தின் முறை வந்தது. வைபை நிலையங்கள் “நான் இங்கே இருக்கின்றேன்” எனத் தம்மை அறிவித்துக்கொண்டே இருக்கும் அல்லவா? அந்த அறிவிப்புகளைப் படிக்கும் கெர்னல் பகுதியில் ஒன்றல்ல, ஐந்து குறைபாடுகள் திருத்தப்பட்டன. அவற்றைக் கண்டவர் முன்னர் கூறிய அதே டார்ம்ஸ்டாட் பல்கலைக்கழகத்து ஆய்வாளர் ஒருவர். அவற்றுட் சில 2019 முதலே அங்கு இருந்தவை. லினக்ஸின் மூலநிரலை உலகில் எவரும் படிக்கலாம். எத்தனையோ வல்லுநர் படித்தும் இருப்பர். ஆயினும் மூன்று ஆண்டுகள் அவை எவருடைய கண்ணுக்கும் படாமல் இருந்தன. மூடி வைத்தவர் வீட்டிலும் பிழை. திறந்து வைத்தவர் வீட்டிலும் பிழை!

அளவுகோல் யார் கையில்?

ஏன் இவ்வாறு நேர்கின்றது? இவற்றை எழுதியோர் அறிவிலிகளா? அல்லர். உலகின் தலைசிறந்த வல்லுநர்கள். குறை அவர்களின் அறிவில் அன்று. அவர்கள் கையாளும் கருவியின் இயல்பில் உள்ளது.

1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் டெனிஸ் ரிச்சி உருவாக்கிய ‘சி’ என்னும் கணினி மொழியும், அதன் வழித்தோன்றலான ‘சி பிளஸ் பிளஸ்’ மொழியுமே பெரும்பாலான இயங்குதளங்களின் அடித்தளம். அவை வேகத்தில் நிகரற்றவை. ஆனால் அவற்றில் அளவுகோல் எழுதுபவரின் கையிலேயே இருக்கின்றது. அவர் அளந்தால் உண்டு, மறந்தால் இல்லை. பல இலட்சம் வரிகளில் ஒரு வரியில் மறந்தாலும் போதும். பாதுகாப்போன் ஒவ்வொரு நாளும் வெல்லவேண்டும். பகைவனுக்கு ஒரு நாள் வென்றால் போதும். தமது பாதுகாப்புத் திருத்தங்களில் ஆண்டுதோறும் ஏறக்குறைய 70 சதவீதமானவை நினைவகப் பிழைகளைப் பற்றியவையே என மைக்ரோசொப்ட் நிறுவனத்தார் 2019 ஆம் ஆண்டில் தெரிவித்தனர். பல்லாண்டு எச்சரிக்கைகளுக்குப் பின்னரும் இதுவே கணக்கு எனின், “இனி எல்லோரும் கவனமாக இருப்போம்” என்னும் உறுதிமொழி மட்டும் போதாது என்பது வெளிப்படை.

ஆகவே அறிஞர்கள் அளவுகோலை மனிதரின் கையிலிருந்து வாங்கிக் கருவியின் கையில் கொடுக்க முயல்கின்றனர். 2015 ஆம் ஆண்டில் முதற் பதிப்பாக வெளிவந்த ‘ரஸ்ட்’ என்னும் மொழி அத்தகையது. அதில், அறுபது கட்டப் பத்தியில் அறுபத்தோராவது எழுத்தை எழுத முற்பட்டால், எழுத்து விழும் முன்னரே வேலை நிறுத்தப்படும். 2022 டிசெம்பரில் லினக்ஸ் இயங்குதளம் அம் மொழிக்குத் தன் கருவிலே இடமளித்தது. 2025 செப்டெம்பரில் அப்பிள் நிறுவனம் ஐபோன் 17 வரிசையுடன் மற்றொரு காவலை அறிவித்தது. நினைவகத்தின் ஒவ்வொரு பகுதிக்கும் ஓர் இரகசியச் சின்னம் இடப்படும். ஒரு பகுதிக்குரிய சின்னத்துடன் வந்து வேறு சின்னமுள்ள பகுதியில் கால் வைத்தால், சில்லே அதனைத் தடுத்து நிறுத்தும். எனினும் ஏற்கெனவே எழுதப்பட்ட கோடிக்கணக்கான வரிகளை ஒரே நாளில் மாற்றி எழுதுதல் இயலாது. பழைய வீட்டில் குடியிருந்துகொண்டே அதன் அத்திவாரத்தைப் புதுப்பிக்கும் வேலை இது.

நாம் செய்யவேண்டியது யாது?

“என்னைப் போன்ற ஒரு சாதாரண மனிதனின் தொலைபேசிக்காக ஆறு மாதம் எவர் உழைப்பார்?” எனச் சிலர் எண்ணக்கூடும். பியர் மறுத்துரைத்ததும் இந்த எண்ணத்தையே. ஒரு தனி மனிதர், ஒரு படுக்கையறை மூலையிலிருந்து, இதனைச் செய்ய முடிந்தது என்பதே நாம் கொள்ளவேண்டிய பாடம். சாவியைச் செய்வதற்குத்தான் ஆறு மாதம். செய்த சாவியைப் பயன்படுத்த இரண்டு நிமிடம். ஒருவருக்காகச் செய்த சாவி, அதே பூட்டை வைத்திருக்கும் அனைவருடைய கதவையும் திறக்கும்.

நாம் கெர்னலைத் திருத்த முடியாது. ஆனால் திருத்தியவர்கள் தரும் மருந்தை உட்கொள்ள முடியும். “புதிய பதிப்பு வந்துள்ளது, இப்போது நிறுவலாமா?” எனத் தொலைபேசி கேட்கும்போது, “பிறகு பார்ப்போம்” என நாம் தள்ளிப்போடுகின்றோம். சிறு மாற்றந்தானே என்று நினைக்கின்றோம். 2020 ஜனவரியில் அப்படித் தள்ளிப்போட்டவரின் தொலைபேசியில் இக் கட்டுரையிற் கூறிய துவாரம் அடைபடாமலே இருந்தது. உடனே நிறுவியவருடையதில் அடைபட்டுவிட்டது. இருவருக்குமிடையே இருந்த வேறுபாடு சில நிமிடப் பொறுமை மட்டுமே. இன்னொன்றும் கருதத்தக்கது. ஒரு திருத்தம் வெளியானதும், அது எதைத் திருத்தியது என்பதை நல்லவரும் ஆராய்வர், தீயவரும் ஆராய்வர். ஆகவே திருத்தம் வந்த பின்னர் காத்திருப்பது, வராமுன் இருந்ததினும் ஆபத்தானதாகிவிடலாம்.

வீட்டுப் பெரியவர்களின் தொலைபேசிகளை வாரத்தில் ஒருநாள் எடுத்து, திருத்தங்கள் நிறுவப்பட்டுள்ளனவா எனப் பார்த்துக் கொடுப்பது பிள்ளைகள் செய்யத்தக்க நல்ல பணி. மூத்தவர் பாவித்த பழைய தொலைபேசி இளையவரின் கைக்கு வரும்போது, அதற்கு இன்னும் திருத்தங்கள் வருகின்றனவா என்பதையும் விசாரித்தறிதல் வேண்டும். திருத்தம் நின்றுபோன கருவியில் வங்கிக் கணக்கையும் குடும்ப இரகசியங்களையும் வைத்தல் விவேகமன்று.

நாளை கணினி நிபுணர்களாகப் போகும் மாணவர்களுக்கு இக் கதையில் வேறொரு பாடமும் உண்டு. வெளியிலிருந்து வருபவர் தமது சுமையின் அளவைத் தாமே சொல்லுவார். அதனைக் கேட்டுக்கொள்ளுங்கள், ஆனால் நம்பிவிடாதீர்கள். உங்கள் பாத்திரத்தின் அளவு உங்களுக்குத் தெரியும். அளந்த பின்னரே கொட்டுங்கள்.